சேலம் - சென்னை விமானம்: 265 கிலோமீட்டருக்கு எனக்கு ஆகும் நேரம்

வெள்ளிக் கொலுசு வியாபாரம் என்பதால் அடிக்கடி சென்னை போக வேண்டியிருக்கிறது. சேலத்தில் 2018இல், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் வந்த விமானம் நடுவில் நின்றுபோய், 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. அப்போதிருந்து ஒவ்வொரு பயணத்தின் நேரத்தையும் டைரியில் குறித்து வருகிறேன்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ. ரயிலிலோ சாலையிலோ போனால் 330ஐத் தாண்டும். இங்கே ஓடும் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பல்லர் விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்று கணக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். அதுதான் சரி. ஓடுபாதையில் ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்காக இருக்கிறது. வடகிழக்கே கிளம்பினால் ஏறக்குறைய சென்னைப் பக்கமே முகம். தென்மேற்கே கிளம்பினால் திரும்பி வர வேண்டும், அதில் சில நிமிடம் போகும். ஒரு நவம்பர் மழையில் சென்னைக்கு மேலே 25 நிமிடம் வட்டமடித்தோம்.

சரி, சேலத்தில் என் வீட்டிலிருந்து, எனக்கு வேலை இருக்கும் சென்னை சௌகார்பேட்டைக் கடை வரை எவ்வளவு நேரம்? அஸ்தம்பட்டியிலிருந்து ஓமலூர் வழியாக விமான நிலையம் போக முக்கால் மணி. அங்கே ஒன்றேகால் மணி நேரம் முன்னால் இருப்பேன். பறக்க ஒரு மணி. பெட்டி வந்து வெளியேற 20 நிமிடம். மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் இன்னொரு முக்கால் மணி. கூட்டினால் நாலு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வந்தே பாரத் என்னை ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் சென்ட்ரலிலேயே இறக்கிவிடுகிறது, சௌகார்பேட்டை அங்கிருந்து கூப்பிடு தூரம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் போகிற நேரத்தைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் சௌகார்பேட்டை வேலைக்கு இப்போது ரயில்தான். தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போவதென்றால் விமானம். சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன், மின்சார ரயிலில் சீக்கிரம் போய்விடலாம். சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வரும் அலைச்சல் மிச்சம். போன வருடம் முழங்கால் வலியோடு இருந்த அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன். சேலத்தில் படி ஏற உதவிக்கு ஆள் வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும், அதனால் கடைசி வரிசைகளில் இடம் எடுத்தால் வயதானவர்கள் அதிகம் நடக்க வேண்டியதில்லை.

சென்னைக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். இறக்கை மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. வடகிழக்கே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். அம்மா ஏற்காடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தார், காட்டினேன்.