ஒரே கலைஞர், இரண்டு ஷோபன்: 'ஆட்டம் சொனாட்டா' (Autumn Sonata) ப்ளூ-ரே

இந்த டிஸ்க்கை வாங்குகிற பலர் இங்மார் பெர்க்மன் இயக்கம், இங்க்ரிட் பெர்க்மன் நடிப்பு என்று வாங்குவார்கள். நான் வாங்கியது கேபி லரெட்டேய்க்காக. படத்தில் நாம் கேட்கிற பியானோ அவருடையது.

படம் 1978-இல் வந்தது, 93 நிமிடம். ஊர் ஊராகக் கச்சேரி செய்கிற பியானோ கலைஞர் சார்லெட் (இங்க்ரிட் பெர்க்மன்), ஏழு வருடம் கழித்து மகள் ஈவாவை (லிவ் உல்மன்) பார்க்க வருகிறார். மகள் இசையமைப்பாளர் ஷோபனின் ஏ மைனர் பிரெலூடை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அப்புறம் அம்மா அதையே வாசிக்கிறார். மொத்தமே 23 தாளக் கட்டம் (bar) உள்ள, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிற சின்னத் துண்டு அது. இரண்டு பேருக்கும் வாசித்தது லரெட்டேய்தான்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஈவாவின் வாசிப்பில் இடது கை பாரமாக நகர்கிறது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு தயக்கம், சோகத்தை எப்படியாவது அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் கேலியாக இல்லை, அதுதான் முக்கியம். தேர்ந்த கலைஞர் ஒருவர் சுமாராக வாசிப்பதுபோல் நடிப்பது சுலபம், நாலு தப்பு சுரம் போட்டால் போதும். லரெட்டேய் அப்படிச் செய்யவில்லை, இசையை நேசிக்கிற, ஆனால் விரல்கள் முழுதாக ஒத்துழைக்காத ஒரு பெண்ணின் வாசிப்பை மரியாதையோடு வாசித்திருக்கிறார். அடுத்து சார்லெட் உட்காருகிறார், ஷோபனிடம் உணர்ச்சி உண்டு, அழுது வடிவது கிடையாது என்று மகளுக்கு விளக்குகிறார். அந்த விளக்கம் அப்படியே வாசிப்பிலும் கேட்கிறது. வலியை அடக்கிவைத்த வாசிப்பு. அடியில் உறுத்திக்கொண்டே போகிற இடது கைச் சுரங்கள், மேலே தனியாக நிற்கிற மெல்லிய மெட்டு. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் லிவ் உல்மனின் கண்களை அப்போது பாருங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், இரண்டு வெவ்வேறு மனிதர்கள் என்றே சத்தியம் செய்வீர்கள்.

அவர் வாழ்க்கை தெரிந்தால் இந்தக் காட்சி இன்னும் கனக்கும். 1922-இல் எஸ்டோனியாவின் தார்த்து நகரில் பிறந்தவர். அப்பா சுவீடனில் எஸ்டோனியாவின் தூதராக இருந்தார். 1940-இல் சோவியத் படைகள் எஸ்டோனியாவைப் பிடித்துக்கொண்டதும், திரும்பிப்போக அவர்களுக்கு நாடே இல்லாமல் போனது. அப்போது கேபிக்கு 18 வயதுகூட நிறையவில்லை. குடும்பம் சுவீடனிலேயே தங்க, அங்கிருந்துதான் கார்னகி ஹால் வரை போனார். முதல் கணவர் குன்னார் ஸ்டேர்ன் என்ற இசை நடத்துநர். 1959-இல் இங்மார் பெர்க்மனை மணந்தார், 1961-இல் வந்த 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' படத்தை பெர்க்மன் இவருக்குத்தான் சமர்ப்பித்தார். 1969-இல் விவாகரத்து ஆனது. ஆக, பிரிந்துபோன கணவரின் படத்துக்காகத்தான் இந்த ஷோபனை வாசித்திருக்கிறார். 1982-இல் 'ஃபேனி அண்ட் அலெக்ஸாண்டர்' படத்தில் ஒரு சின்ன வேடத்திலும் வந்தார். 2014-இல் 92 வயதில் இறந்தார்.

சரி, டிஸ்க்குக்கு வருகிறேன். மறுசீரமைப்பு அருமை, அந்த வீட்டின் பழுப்பும் சிவப்பும் உறுத்தாமல் இயல்பாக இருக்கின்றன. ஒலி மோனோதான், அதை நினைத்துத் தயங்க வேண்டாம், பியானோ சுத்தமாகக் கேட்கிறது, ஒரு நல்ல ஹெட்ஃபோன் மாட்டினால் ஈவாவின் தயக்கம்கூடத் துல்லியமாகத் தெரியும். படம் உருவானதைப் பற்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒரு ஆவணப் பதிவு இருக்கிறது. ஒத்திகை மேசையில் இங்க்ரிட் பெர்க்மன் வசனங்களை எதிர்த்துக் கேள்வி கேட்பதைப் பார்க்கவே அதை ஓடவிடலாம்.

என் வருத்தம் ஒன்றுதான். இயக்குநரின் அறிமுகம், லிவ் உல்மனின் பேட்டி எல்லாம் இருக்கிற இந்தப் பதிப்பில் லரெட்டேய்க்கென்று ஒரு தனிப் பகுதி இல்லை. படத்தின் மையக் காட்சியைத் தாங்கி நிற்பது அவர் வாசிப்பு, அதற்கு ஒரு பத்து நிமிடமாவது கொடுத்திருக்க வேண்டும். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது, ஐந்தில் நாலரை நட்சத்திரத்தோடு நான் நிற்பதற்குக் காரணமும் இதுதான்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். என்னுடையது ரீஜன் ஏ டிஸ்க் (அமெரிக்கா போன்ற சில பகுதிகளின் பிளேயர்களுக்கானது), உங்கள் பிளேயர் எடுக்குமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆங்கில டப்பிங்கும் இருக்கிறது, அந்தப் பக்கம் போகாமல் சுவீடிஷிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள்.