வளையமா, தகடா?

ட்ரைட்டான் எக்ஸ்-100 மாதிரி அயனியற்ற சர்ஃபாக்டன்ட் (சோப்பு போலப் பரப்பில் சேர்ந்து இழுவிசையைக் குறைக்கும் பொருள்) எந்தச் செறிவில் மைசெல்லாக, அதாவது மூலக்கூறுக் கொத்தாக, கூடத் தொடங்குகிறது என்று பார்க்க மின்கடத்துமானி உதவாது. கரைசலில் அயனியே இல்லையே! பரப்பு இழுவிசையைத்தான் அளக்க வேண்டும். அதற்கு டூ நூயி வளையம், வில்ஹெல்மி தகடு என இரண்டு வழி.

வளையம் வேகமானது. பிளாட்டினம்-இரிடியம் கம்பியை முக்கி மெல்ல உயர்த்தினால் திரவப் படலமும் கூடவே எழும்பும். அப்போது காட்டும் உச்ச விசைதான் கணக்கு. ஆனால் வளையம் தூக்கும் திரவத்தின் எடைக்குத் திருத்தக் காரணி போட வேண்டும், அதற்கு அடர்த்தியும் தெரிய வேண்டும். கம்பி துளி வளைந்திருந்தால் போச்சு. கண்ணுக்குத் தெரியாது, அளவில் தெரியும்.

தகடு பரப்பைத் தொட்டபடி அசையாமல் நிற்கும். திருத்தக் காரணி வேண்டாம். எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் நேரம். நீர்த்த கரைசலில் மூலக்கூறுகள் பரப்புக்கு வந்து சேர நிமிடக்கணக்கில் ஆகும். தகட்டில் எண் மெல்ல இறங்கி நிலைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வளையத்தில் ஒவ்வொரு இழுப்பும் பரப்பைக் கலைத்துவிடும். 25 டிகிரியில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனில் தொடங்கும் இழுவிசை, லிட்டருக்கு 0.2 மில்லிமோலை ஒட்டி 30 சொச்சத்தில் படுத்துவிடும். மைசெல் கூடத் தொடங்கும் அந்த முறிவுப் புள்ளி தகட்டில் தெளிவாக விழும்.

தரக்கட்டுப்பாட்டு மேசையில் நாளுக்கு நாற்பது மாதிரி என்றால் வளையமே போதும். எதுவானாலும் முதலில் சுடரில் சிவக்கக் காட்டி ஆறவிட்டு, வெறும் தண்ணீரை அளந்து பாருங்கள். 72 வராவிட்டால் கருவியைத் திட்டாதீர்கள், கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவுங்கள்.