கேப்ஸ் லாக்கா, ஆல்ட்-ஷிப்ட்டா, ஜன்னல் கீயா?

பெயர் தமிழில், அதே பெயர் இங்கிலீஷில். அப்பா பெயர் தமிழில், இங்கிலீஷில். தெரு, கிராமம், வட்டம் எல்லாம் இரண்டிரண்டு தடவை. போன வாரம் மழை விடாமல் அடித்ததில் கடைக்கு ஆளே வரவில்லை. வந்த ஒரே ஒரு விண்ணப்பத்தை அடிக்கும்போது சும்மா எண்ணிப் பார்த்தேன். கீபோர்டு மொழியை மாற்றி மாற்றி, தமிழிலிருந்து இங்கிலீஷுக்கும் அங்கிருந்து தமிழுக்குமாகப் பதினாலு தடவை தாவியிருந்தேன். கோத்தகிரியில் டிடிபி வேலையும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்துகொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. வெயில் நாளில் இருபது விண்ணப்பமாவது வரும். பெருக்கிப் பார்த்தால் இருநூற்றெண்பது தாவல்.

தட்டச்சு வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தாவலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 என்கிற கீபோர்டு முறையில் அடிக்கிறவர்களுக்குத் தமிழ் ஒன்றும் இழுவையான மொழி இல்லை. ஊட்டி என்பது ஊ, ட, ட, இ என்று நாலே தட்டு. நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இங்கிலீஷிலும் ஊட்டிக்கு நாலு எழுத்துதான். கோத்தகிரிக்கு எட்டுக்கு எட்டு. உதகமண்டலம் என்று முழுசாக அடித்தால் தமிழில் ஒன்பது தட்டு, இங்கிலீஷில் பதினாலு. அடிப்பதில் போகாத நேரமெல்லாம் மொழி மாற்றுவதில் போகிறது. அதைவிட, மாற்ற மறந்துபோவதில். தமிழில் இருப்பது தெரியாமல் இங்கிலீஷில் ஊட்டி என்று அடித்தால் திரையில் 'ட்டேள' என்று வந்து நிற்கும். எங்கள் கடையில் அதற்கு அர்த்தமே உண்டு. யாராவது கவனம் பிசகினால் "என்ன, ட்டேளவா?" என்று கேட்போம்.

ஆக, கேள்வி இதுதான். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை தட்டப்போகிற வேலையை எந்தக் கீயிடம் ஒப்படைப்பது? நான் நாலு வழியையும் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தவன்.

அதற்கு முன் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண்டரை உள்ளிடு விசை என்கிறார்கள், நுழைவு விசை என்கிறார்கள். கேப்ஸ் லாக்கைப் பேரெழுத்துப் பூட்டு என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் "பேரெழுத்துப் பூட்டைத் தட்டும்மா" என்றால் அவள் கீபோர்டில் தேடுவாள். கீமேல் அச்சடித்திருப்பதும் காதில் விழுவதும் ஒன்றாக இருந்தால்தான் விரல் போகும். விண்டோஸ் கீ மட்டும் விதிவிலக்கு. அதன்மேல் எழுத்தே கிடையாது, நாலு கட்டம் போட்ட படம்தான். அதனால் எங்களுக்கு அது ஜன்னல் கீ.

முதலில் ஆல்ட்-ஷிப்ட். விண்டோஸில் இரண்டாவது மொழியைச் சேர்த்தவுடன் கேட்காமலே கிடைக்கிற வழி. இடதுபக்க ஆல்ட்டையும் ஷிப்ட்டையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். பத்து வருஷம் இதிலேயே ஓட்டினேன், அதனால்தான் இவ்வளவு கோபம். ஆல்ட் முன்னால் விழுந்து ஷிப்ட் சரியாக விழாவிட்டால் வேர்டில் மேலே இருக்கிற மெனு முழுக்கக் குட்டிக் குட்டி எழுத்துகள் முளைத்துவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்த எழுத்தைத் தட்டினால் அது கட்டளையாகப் போய் எங்கோ ஏதோ திறக்கும். ஷிப்ட் நன்றாக விழுந்து ஆல்ட் விழவில்லையா, மறுபடி மறுபடி ஷிப்ட்டைக் குத்துவோம். ஐந்தாவது குத்தில் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டி வரும். கைக்குறை உள்ளவர்கள் இரண்டு கீயைச் சேர்த்துப் பிடிக்க முடியாதபோது ஒவ்வொன்றாகத் தட்டுவதற்காக வைத்த வசதி அது, நல்ல வசதி. அவசரத்தில் ஆமாம் சொல்லிவிட்டு, அப்புறம் கீபோர்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் ஆல்ட்-ஷிப்ட்டை அடித்துப் பார்த்தால்தான் அதன் குணம் முழுசாகத் தெரியும். கட்டைவிரல் உள்ளே மடங்க வேண்டும், சுண்டுவிரல் வெளியே நீள வேண்டும். விறைத்துப்போன கையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. இதற்கெல்லாம் மேல் ஒரு குறை: மாறியதா இல்லையா என்பதைத் திரையின் வலது ஓரத்தில் கீழே கிடக்கிற ஒரு சின்ன எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்வேர்டு கட்டத்தில் அதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு வாடிக்கையாளருடைய கணக்கில் கறுப்புப் புள்ளிகளாகவே விழுந்ததைப் பார்த்து மூன்று தடவையும் நம்பிக்கையோடு எண்டரைத் தட்டினேன். மூன்றும் தமிழில் போயிருக்கிறது. கணக்கு பூட்டிக்கொண்டது. எஸ்டேட்டில் அரைநாள் லீவு போட்டு வந்தவர் மறுநாளும் வர வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையதுதான்.

இரண்டாவது, ஜன்னல் கீயும் ஸ்பேஸும். ஜன்னல் கீ 1994இல் மைக்ரோசாஃப்ட்டின் நேச்சுரல் கீபோர்டோடு வந்தது. அதை ஸ்பேஸோடு சேர்த்து மொழி மாற்றுகிற வழி 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து இருக்கிறது. ஜன்னல் கீயைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினால் மொழிகளின் பட்டியல் திரையில் பெரிதாக வந்து நிற்கும். எதில் இருக்கிறோம் என்பதை ஓரத்தில் தேட வேண்டாம். லினக்ஸில் க்னோம் என்கிற திரை அமைப்பிலும் இதே சேர்க்கைதான், மேக்கில் கன்ட்ரோலும் ஸ்பேஸும். ஆக, ஒரு தடவை கை பழகினால் மெஷின் மாறினாலும் பெரிதாகத் தடுமாறாது. புதிதாகத் தமிழ் அடிக்க வருகிற யாருக்கும் நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். குறை என்றால், ஸ்பேஸ் சரியாக விழாவிட்டால் ஸ்டார்ட் மெனு எழும்பும். டீ கொட்டிய கீபோர்டில் அடிக்கடி எழும்பும். என்னிடம் இருக்கிற பழைய கனத்த கீபோர்டில் ஜன்னல் கீயே கிடையாது, கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவே வெறும் பிளாஸ்டிக்தான்.

இந்த இரண்டுக்கும் பொதுவான வியாதி ஒன்று, சுற்று. தமிழ், இங்கிலீஷ் இரண்டு மட்டும் என்றால் அங்கே இல்லையென்றால் இங்கே, அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் அது போதாது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து மலையாளத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருவார்கள். கன்னடத்தில் நாலு வரி கேட்பவர்களும் உண்டு. மொழி நாலாகிவிட்டால் ஒவ்வொரு தடவையும் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டே தட்ட வேண்டும், டவுன் பஸ்ஸில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பது மாதிரி.

அதற்குத்தான் மூன்றாவது வழி, நேராகப் போகிற எண். என்எச்எம் ரைட்டர் என்கிற பழைய தட்டச்சு மென்பொருளில் ஆல்ட்டோடு ஒரு எண்ணைத் தட்டினால் அந்த எண்ணுக்கு உரிய கீபோர்டு வந்துவிடும். விண்டோஸிலேயே இப்படி அமைக்கலாம். கீபோர்டு அமைப்புகளில் 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' என்று ஒரு பழைய காலத்துப் பெட்டி ஒளிந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆல்ட்-ஷிப்ட்-1, ஆல்ட்-ஷிப்ட்-2 என்று கொடுக்கலாம். இதன் அருமை என்னவென்றால் இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்று தெரிந்திருக்கவே வேண்டாம். தமிழ் வேண்டுமா, தமிழுக்கு உரியதைத் தட்டு. ஏற்கெனவே தமிழில் இருந்தால் தமிழிலேயே நிற்கும், ஒன்றும் கெடாது. பாஸ்வேர்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷ் எண்ணைத் தட்டிவிடலாம். மூன்று கீ சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. இருநூற்றெண்பது தடவை பிடித்துப் பாருங்கள்.

அதே பெட்டியில் இன்னொரு விநோதம் கண்ணில் பட்டது. கேப்ஸ் லாக்கை விடுவிக்க கேப்ஸையே தட்டுவதா, ஷிப்ட்டைத் தட்டுவதா என்று கேட்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். மெஷினில் லாக்கைப் போட்டால் ஷிப்ட் கட்டை கீழேயே நின்றுகொள்ளும், ஷிப்ட்டை ஒரு தட்டு தட்டினால் 'டொக்' என்று மேலே வரும். நான் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையை அந்தச் சத்தத்தோடுதான் பாஸ் செய்தேன்.

அங்கிருந்து நாலாவது வழிக்கு வருகிறேன்: கேப்ஸ் லாக்கையே மொழி மாற்றும் கீயாக்குவது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. தமிழ் அடிக்கும் நேரமெல்லாம் அந்தக் கீ சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிற இடமோ, சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே. பழைய ஐபிஎம் பீசியில் அந்த இடம் கன்ட்ரோலுடையது. 1980களின் நடுவில் வந்த 101 கீ கீபோர்டில்தான் கன்ட்ரோலைக் கீழே தள்ளிவிட்டு கேப்ஸ் அங்கே குடியேறியது.

மேக்கில் இதற்கு அமைப்புகளிலேயே ஒரு டிக் போதும். கேப்ஸ் தட்டினால் மொழி மாறும், அழுத்திப் பிடித்தால் பழைய வேலை நடக்கும். லினக்ஸிலும் உண்டு. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிற பவர்டாய்ஸ் என்கிற மென்பொருளை இறக்கி, கேப்ஸ் தட்டினால் ஜன்னல்-ஸ்பேஸ் போகும்படி மாற்ற வேண்டும். ஒரு நாள் தடுமாற்றம், மூன்றாம் நாள் பழக்கம். ஒற்றை விரல், ஒற்றைத் தட்டு, கை இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. உறைபனியிலும் வேலை செய்கிறது. என் வாக்கு இதற்குத்தான்.

கடைக்கு மட்டும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. விண்ணப்பங்களில் இங்கிலீஷ் பெயரைப் பெரிய எழுத்தில் கேட்பார்கள், கேப்ஸ் இல்லாமல் எப்படி? வேர்டில் என்றால் அடித்த பிறகு தேர்ந்தெடுத்து ஷிப்ட்-எஃப்3 தட்டினால் போதும். மற்ற இடங்களுக்கு ஒரு கீ வேண்டியிருந்தது. அப்போதுதான் மேல் வரிசையில் ஸ்க்ரோல் லாக் கண்ணில் பட்டது. எக்செலைத் தவிர அதை நான் வேறெங்கும் பயன்படுத்தியதில்லை. எக்செலிலும் அது தப்பித்தவறி விழுந்து, அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் நகராமல் தாளே நகருகிறது என்று புகாராகத்தான் வரும். கேப்ஸின் பழைய வேலையை அதன் தலையில் கட்டினேன். கடை டெஸ்க்டாப்பில் அருமையாக ஓடுகிறது. ஸ்க்ரோல் லாக்கே இல்லாத லேப்டாப்பில் இந்த வித்தை பலிக்காது.

ஸ்பேஸுக்கு வலதுபக்கம் இருக்கிற மெனு கீயை மாற்றலாமே என்று ஒருவர் கேட்டார். மாற்றலாம். ஆனால் 2024இலிருந்து வருகிற புது லேப்டாப் பலவற்றில் அந்த இடத்தை மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கிற கோபைலட் கீ பிடித்துக்கொண்டிருக்கிறது. இல்லாமல் போகிற கீயில் பழக்கத்தை வளர்ப்பானேன்?

எந்த வழியில் போனாலும் ஒன்றைச் செய்துவைக்கலாம். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி மொழி நினைவிருக்கட்டும் என்று விண்டோஸில் ஒரு டிக் இருக்கிறது. பிரவுசர் இங்கிலீஷிலும் வேர்டு தமிழிலும் நின்றுகொண்டால் பாதித் தாவல் குறைந்துவிடும்.

இப்போது கடையில் முன்பக்க மெஷினில் ஜன்னல்-ஸ்பேஸ், ஏனென்றால் அதில் யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள். மலையாளம், கன்னடம் அடிக்கிற மெஷினில் எண்கள். என்னுடையதில் கேப்ஸ். சாயங்காலம் உதவிக்கு வருகிற காலேஜ் பெண்ணும் என் மெஷினில் பழகி கேப்ஸுக்கே மாறிவிட்டாள். நேற்று வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "அண்ணா, காலேஜ் லேப்ல தமிழ் வரட்டும்னு கேப்ஸைத் தட்டித் தட்டி, ரெக்கார்டு முழுக்க பெரிய எழுத்தா விழுந்திருக்கு. மேடம் 'ஏம்மா இப்படிக் கத்துற'ன்னு கேட்டாங்க."