சீனத் தொழிலாளர் வேலைநிறுத்த வரைபடம்: ஓர் இணையச் சேவையின் மதிப்பீடு

ஹாங்காங்கிலிருந்து இயங்கிய சைனா லேபர் புல்லட்டின் என்ற அமைப்பு 2011 முதல் இணையத்தில் நடத்திவந்த வேலைநிறுத்த வரைபடம், சீன ஆலைகளில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே நடக்கும் பலப்பரீட்சையை வெளியிலிருந்து அறிய உதவிய சேவைகளில் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. 1989 தியானன்மென் போராட்டத்தின்போது பெய்ஜிங் தன்னாட்சித் தொழிலாளர் கூட்டமைப்பில் முன்னின்று, அதற்காகச் சிறை சென்று, அங்கே காசநோய்க்கு ஆளான ரயில்வே தொழிலாளி ஹான் தோங்ஃபாங் 1994இல் தொடங்கிய அமைப்பு அது.

மாகாணம், தொழில்துறை, கோரிக்கை, காவல்துறை தலையிட்டதா என்பன போன்ற விவரங்களைக் கொண்டு போராட்டங்களைப் பிரித்துப் பார்க்க முடிந்ததே இந்தச் சேவையின் பெரும் பயன். சீன அரசு வேலைநிறுத்தக் கணக்கு எதையும் வெளியிடுவதில்லை. 1975, 1978 அரசமைப்புகளில் இருந்த வேலைநிறுத்த உரிமை 1982இல் நீக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சியின் கட்டுப்பாட்டில் உள்ள அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் தவிர வேறு சங்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே, தொழிலாளர்கள் தாங்களே சமூக ஊடகங்களில் இடும் பதிவுகளை, அவை தணிக்கைக்கு உள்ளாகி மறைவதற்குள் தேடிச் சேகரிப்பதே வழியாக இருந்தது. நடந்தவற்றில் ஒரு சிறு பகுதியே பதிவாகிறது என்று அமைப்பே வெளிப்படையாகச் சொன்னது, அதன் மீதான நம்பிக்கையைக் கூட்டியது.

2015இல் 2,700க்கும் மேற்பட்ட நிகழ்வுகளும் 2024இல் சுமார் 1,500 நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. இதைக் கண்டு ஆலைகளில் அமைதி திரும்பிவிட்டதாக முடிவுசெய்யக் கூடாது. தகவல் வெளிவரும் வழிகளும் அடைபட்டன: 2015 டிசம்பரில் தென்சீன மாகாணமான குவாங்தோங்கில் தொழிலாளர் உதவி அமைப்புகள் ஒடுக்கப்பட்டன, போராட்டங்களை நாள்தோறும் தொகுத்துவந்த லூ யூயூ 2016இல் கைதானார். என்னைப் பொறுத்தவரை, மொத்த எண்ணிக்கையைவிடக் கோரிக்கைகளின் பட்டியலே அதிகம் சொல்கிறது. 2010இல் ஃபோஷானில் உள்ள ஹோண்டா உதிரிபாக ஆலையின் இளம் தொழிலாளர்கள் 800 யுவான் ஊதிய உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, சீனாவில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றுபோனது. உள்ளூர்த் தொழிற்சங்கத்தினர் அவர்களுடன் கைகலப்பில் இறங்கியும், கணிசமான உயர்வை அவர்கள் பெற்றார்கள். இந்த வரைபடத்தில் பதிவான போராட்டங்களிலோ, செய்து முடித்த வேலைக்குரிய ஊதிய பாக்கியைக் கேட்பவையே மிகுதி. மேலும் கேட்கும் நிலையிலிருந்து உள்ளதைக் காக்கும் நிலைக்குத் தொழிலாளர் தள்ளப்பட்டதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு பொதுச் சேவை எனக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. வரைபடம் 2011இல் தொடங்குவதால் ஹோண்டா போராட்டமே அதில் இடம்பெறவில்லை. 1990களின் பிற்பாதியில் அரசு ஆலைகளிலிருந்து கோடிக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டதும், அதன் தொடர்ச்சியாக 2002இல் லியாவ்யாங்கிலும் தாச்சிங்கிலும் மூண்ட போராட்டங்களும் இல்லை. வாழ்நாள் வேலை உறுதி பெற்றிருந்த ஒரு தலைமுறை எவ்வாறு வீழ்த்தப்பட்டது என்பதை அறியாமல் இந்த வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், போராட்டமே கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளரோடுதான் தொடங்கியது என்று எண்ணக்கூடும். இன்னொன்று, 2014இல் தோங்குவானின் யூ யுவான் காலணி ஆலைகளில் சமூகக் காப்பீட்டுக்காகப் பல்லாயிரம் பேர் நடத்திய வேலைநிறுத்தமும், இருபது பேர் ஆலை வாசலில் அமர்ந்த மறியலும் மொத்தக் கணக்கில் தலா ஒன்றே. பாக்கி கைக்கு வந்ததா என்ற கேள்விக்குப் பெரும்பாலான பதிவுகளில் பதில் கிடைப்பதில்லை.

நிதி நெருக்கடியையும் கடனையும் காரணம் காட்டி, 2025 ஜூனில் அமைப்பு தன்னைக் கலைத்துக்கொண்டது. 2022 நவம்பரில் ஜெங்ஜோவில் தொழிலாளர் கொந்தளித்த, ஐபோன்களைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை நடத்துகிறது என்பதால், இந்த இழப்பு நம்மையும் தொடுகிறது. சேமிக்கப்பட்ட தரவுகளைப் பெற முடிந்தவர்கள் குவாங்தோங் மாகாணத்தையும் உற்பத்தித் துறையையும் முதலில் தேர்ந்தெடுத்து, கோரிக்கைகளை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.