மில்ஃபர்டா, டவுட்ஃபுல்லா? கார் எடுத்துப் போகிறவர்களுக்கு

நியூசிலாந்தின் தென்தீவில் கார் எடுத்துச் சுற்றுகிறவர்கள் தே அனாவ் என்ற ஊருக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வடக்கே மில்ஃபர்ட் சவுண்டா, தெற்கே டவுட்ஃபுல் சவுண்டா? இரண்டுமே பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டான ஃபியோர்டுகள்தான். போய்ச்சேரும் விதம்தான் வேறு.

மில்ஃபர்டுக்குக் கடைசிவரை நாமே ஓட்டிப் போகலாம். ஏறக்குறைய 120 கி.மீ. நம்மைப் போலவே அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் தடுமாற்றம் இருக்காது. எக்லிங்டன் பள்ளத்தாக்கின் புல்வெளி முடிந்து காடு தொடங்கும்; அதையும் தாண்டி ஏறினால் ஹோமர் சுரங்கப்பாதை. 1935-இல் வேலை தொடங்கி 1954-இல்தான் திறந்தார்கள். உள்ளே பெரும்பாலும் வெட்டிய பாறை அப்படியே தெரியும், தண்ணீர் சொட்டும், பாதை சரிந்தே இறங்கும். வாசலில் சிக்னலுக்கு நிற்கும்போது கீயா கிளிகள் காரின் மேல் வந்து உட்கார்ந்து ரப்பரைப் பிடுங்கும். தயவுசெய்து தீனி மட்டும் போடாதீர்கள், அது அந்தப் பறவைக்கே கேடு.

டவுட்ஃபுல்லுக்கு நம் கார் போகாது. மனபூரியில் நிறுத்திவிட்டு, ஏரியைப் படகில் கடந்து, 671 மீட்டர் உயர வில்மட் கணவாயைப் பேருந்தில் தாண்டி, மறுபடி படகு ஏற வேண்டும். நீர்மின் நிலையம் கட்ட 1960-களில் போட்ட அந்தச் சாலை வேறெந்தச் சாலையோடும் சேராது. முழு நாளும் போய்விடும், செலவும் கூடுதல். ஆனால் அந்த அமைதி! மில்ஃபர்டின் நீளம் சுமார் 15 கி.மீ., இதுவோ 40. படகோட்டி எஞ்சினை அணைத்தால் அருவியும் பறவையும்தான் கேட்கும்.

ஓட்டுவதற்காகவே போகிறவர்களுக்கு என் ஓட்டு மில்ஃபர்டுக்கே. அந்தச் சாலைக்கு ஈடு கிடையாது. முன்பே ஒருமுறை அதைப் பார்த்தவர்கள் யோசிக்காமல் டவுட்ஃபுல் போகலாம்.

மில்ஃபர்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.-க்கும் மேல் மழை. தூறுகிறதே என்று திரும்பிவிடாதீர்கள். மழையில்தான் மொட்டைப் பாறைச் சுவர் முழுக்க அருவிகள் இறங்கும். குளிர்காலத்தில் மட்டும் பனிச்சரிவால் சாலையை மூடுவார்கள், டயருக்குச் சங்கிலியும் வேண்டியிருக்கும். தே அனாவிலேயே டாங்க்கை நிரப்பிவிட்டு விடியலில் கிளம்புங்கள். குயின்ஸ்டவுன் நகரிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் நண்பகலை ஒட்டித்தான் வந்து குவியும்.