அன்றைய ஐடிஐ, இன்றைய டிப்ளமோ

"நாங்க உழைச்சு முன்னேறினோம், இப்போ பசங்களுக்கு உடம்பு வளையலை" என்று சொல்லும் பெரியவர்கள் 1980ஐயும் இன்றையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்போது ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவர் அம்பத்தூரிலோ கிண்டியிலோ அப்ரண்டிசாகச் சேர்ந்து நிரந்தரமாகிவிட்டால், அப்புறம் பிஎஃப், இஎஸ்ஐ, தீபாவளி போனஸ், கேட்பதற்கு ஒரு சங்கம். சர்வீஸ் கூடக் கூட சம்பளமும் ஏறும். சொசைட்டி லோன், மனைவியின் நகை எல்லாம் சேர்த்து ஆவடிப் பக்கம் ஒரு மனை வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இன்று டிப்ளமோ முடித்தவர் போவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். ஏசி ஷெட், கம்பெனி பஸ், எல்லாம் சரி. ஆனால் ஒரே லைனில் ஒரே போல்ட்டை முடுக்கும் இரண்டு பேரில் ஒருவர் நிரந்தரம், இன்னொருவர் கான்ட்ராக்ட், சில இடங்களில் சட்டை நிறமே வேறு. 2013இல் வந்து பிறகு நிறுத்தப்பட்ட நீம் (NEEM) என்ற ஆலைப் பயிற்சித் திட்டத்தில் பயிற்சி அதிகபட்சம் 3 வருடம்தான், அதில் இருந்தவர் தொழிலாளி கணக்கிலேயே வரவில்லை, அதனால் பிஎஃப்பும் இல்லை.

அந்தக் காலமும் சொர்க்கமில்லை. உள்ளே நுழையவே சிபாரிசு தேடி அலைந்தவர்கள் உண்டு, பெண்களை ஷாப் ஃப்ளோரில் பார்ப்பதே அபூர்வம். இன்று எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தில் இன்றுதான் மேல்.

மற்றபடி நைட் ஷிஃப்ட் அன்றும் நைட் ஷிஃப்ட்தான், இன்றும் அதேதான். பயிற்சி முடித்த பையன் பயோடேட்டாவில் '3 வருட அனுபவம்' என்று போட்டுக்கொண்டு அடுத்த கம்பெனி கேட்டுக்குப் போனால், அங்கேயும் பெரும்பாலும் டிரெய்னி சம்பளம்தான்.