டர்போ வண்டியை நிறுத்தும் முன்: உடனே சாவியா, கொஞ்சம் ஓட விடுவதா, டைமரா?

எங்கள் வானின் டர்போவைக் கழற்றி மேசையில் வைத்தபோது மெக்கானிக் அண்ணை முதலில் விசிறியைப் பார்க்கவில்லை. ஒயில் திரும்பி வரும் குழாயை எடுத்து, சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டினார். அடிப்பிடித்த சட்டியிலிருந்து பெயர்த்த மாதிரிக் கறுப்புத் துண்டுகள் மேசையில் விழுந்தன. "தம்பி, இது ஒயில்தான். சமைஞ்சு போச்சு" என்றார். பிறகு தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். மயிரிழை ஆடினால் பரவாயில்லையாம். இது விசிறி சுவரில் உரசும் அளவுக்கு ஆடியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் திருகோணமலையில் பழைய டீசல் வான்களையும் பிக்கப்களையும் வைத்துத்தான் எல்லோரும் சமாளித்தோம். அதனால் இந்தக் கேள்வி இங்கே கராஜுக்குக் கராஜ் சுற்றுகிறது: ஓடி வந்த டர்போ வண்டியை எப்படி நிறுத்துவது? உடனே சாவியைத் திருப்பு என்பார் ஒருவர். ஐந்து நிமிடம் ஓட விடு என்பார் இன்னொருவர். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைக்கும் டைமர் ஒன்றைப் பூட்டு என்பார் மூன்றாமவர். கடைசி இரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வந்தால் போதும் என்று சொல்லும் ஆட்கள் குறைவு. நான் இப்போது அந்தக் கட்சி.

டர்போவுக்குள் ஒரே தண்டில் இரண்டு விசிறிகள். எஞ்சினை விட்டு வெளியேறும் புகை ஒன்றைச் சுற்றுகிறது, மற்றது காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தொடும். அந்த வேகத்தில் தண்டைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஒயில் படலம். பாரம் இழுக்கும் டீசலில் அந்தப் புகை 700 பாகை வரை போகும், பெற்றோலில் 900ஐத் தாண்டும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் பம்ப் நின்றுவிடுகிறது. ஆனால் புகைப் பக்கத்து இரும்புக் கூட்டின் சூடு நிற்காது, தண்டு இருக்கும் நடுப்பகுதிக்குள் ஊறிக்கொண்டே வரும். நடுப்பகுதி அதிகமாகச் சூடாவது ஓடும்போது அல்ல, நிறுத்திச் சில நிமிடங்களுக்குப் பிறகுதான். உள்ளே தேங்கிய ஒயில் அந்த நேரத்தில்தான் கரியாகிறது.

அப்படியென்றால் உடனே நிறுத்துவது எப்போதும் பிழையா? இல்லை. பஜாருக்குப் போய் மரக்கறி வாங்கி வருகிற ஓட்டத்தில் டர்போ பெரிதாக உழைப்பதே இல்லை. புதிய பெற்றோல் டர்போ கார்களில் தண்டைச் சுற்றி எஞ்சின் தண்ணீரும் ஓடுகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகும் சூடான தண்ணீர் மேலே போக, குளிர்ந்தது கீழே வந்து, தானாகவே கொஞ்ச நேரம் சுற்றும். சில கார்களில் அதற்கென்று தனி மின் பம்பும் உண்டு. நண்பர் ஒருவரின் பெஜோவில் சாவியை எடுத்த பிறகும் பொனட்டுக்குள் 'ம்ம்ம்' என்று சத்தம் கேட்கும். வாங்கின புதிதில் எங்கோ வயர் கோளாறு என்று பயந்துபோய் கராஜுக்குக் கொண்டுபோனார் மனுசன். சிக்னலில் நின்றதும் தானாக எஞ்சினை அணைக்கும் கார்களை டர்போவோடு விற்கிற கம்பனிகள் இதையெல்லாம் யோசிக்காமல் விற்கவில்லை.

அடுத்தது, ஐந்து நிமிடக் கட்சி. ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, டீசல் எஞ்சினுக்குள் போகிற காற்று நிறைய, டீசல் துளி. அதனால் புகையின் சூடு 200 பாகைக்குக் கீழே விறுவிறு என்று இறங்கிவிடும். முதல் ஒரு நிமிடத்திலேயே பெரும் பங்கு வேலை முடிந்துவிடுகிறது. டொயோட்டா டீசல்கள் சிலவற்றின் கையேட்டில் இதற்கு ஓர் அட்டவணையே போட்டிருந்தார்கள். நகர ஓட்டத்துக்கு ஒன்றும் தேவையில்லை. 80இல் தொடர்ந்து வந்தால் சுமார் 20 செக்கன். 100 என்றால் ஒரு நிமிடம். செங்குத்து மலை ஏற்றம், அல்லது 100க்கு மேல் விடாமல் ஓட்டம் என்றால் இரண்டு நிமிடம். ஐந்து என்பது அதில் எங்கேயும் இல்லை. (நம் நாட்டில் விரைவுச்சாலை தவிர்ந்த வீதிகளில் காருக்குச் சட்டப்படி 70தான். ஆகவே சட்டத்தை மதித்து வந்தவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.)

மூன்று லீற்றர் டீசல் ஒன்று சும்மா நின்று ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் குடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு 80 மில்லிலீற்றர் என்று வையுங்கள். பெரிய காசில்லை. ஆனாலும் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டாவுக்கு வரிசையில் விடிய விடிய நின்றவனுக்கு அதைச் சும்மா எரிக்கக் கை வருவதில்லை.

டைமரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் சிலவற்றில் ஏற்கனவே பூட்டியிருக்கும். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகலாம், குறித்த நேரம் முடிந்ததும் எஞ்சின் தானாக நிற்கும். வசதிதான். ஆனால் கையால் கியர் போடும் வண்டியில் அது ஓடும் வரை நியூட்ரலில்தான் விட வேண்டும், வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். ஓர்ஸ் ஹில் சரிவில் அப்படி விட்டுவிட்டு வீட்டுக்குள் போக எனக்குத் துணிவில்லை. தவிர, சாதாரண டைமருக்கு நீங்கள் ஹபரணையிலிருந்து வருகிறீர்களா, அடுத்த தெருவிலிருந்து வருகிறீர்களா என்பது தெரியாது. இரண்டுக்கும் அதே மூன்று நிமிடம்.

மெதுவாக ஓட்டி வருவதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பாரம் இல்லாமல் 40இல் உருளும்போது புகை குளிர்ந்துவிடுகிறது. ஐட்லிங்கை விட எஞ்சின் சுற்று அதிகம் என்பதால் ஒயில் அமுக்கமும் நல்லாக இருக்கும், தண்ணீர்ப் பம்பும் ஒழுங்காக ஓடும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடைக்கும். எரிகிற டீசலுக்கு நாம் வீட்டை நோக்கி நகரவும் செய்கிறோம். அதிலும் திருகோணமலைக்காரருக்கு இது இலவசம். கொழும்பிலிருந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் எங்கள் ஊர் அநுராதபுரச் சந்திக்குள் நுழைந்ததும் ஓட்டோவும் சைக்கிளும் மாடும் சேர்ந்து வேகத்தை இறக்கிவிடும். வீட்டு வாசலுக்கு வரும்போது டர்போ ஆறிப் போயிருக்கும். அதற்குப் பிறகும் வாசலில் ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் நித்திரையைக் கெடுப்பவன் நானாகத்தான் இருந்தேன்.

கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் மலை ஏறியதால் கட்டாயம் ஓட விட வேண்டும் என்பார்கள். பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து மேலே போவது குறுகின தூரம், அதுவும் பாதையில் நிற்கிற மான்களுக்கு வழிவிட்டு ஊர்ந்து போகிற ஓட்டம். அட்டவணையில் சொன்ன மலை ஏற்றம் இது இல்லை. கச்சான் காற்றுக் காலத்தில் கூடுதல் நேரம் வேண்டுமா என்றும் கேட்பார்கள். வெளியே 30 பாகையா 37 பாகையா என்பது 700 பாகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கச்சானில் ஆற வேண்டியது ஓட்டுநர்தான்.

அப்போ என் டர்போ எங்கே சமைந்தது? வீட்டு வாசலில் இல்லை. யோசித்துப் பார்த்தால் கந்தளாயில்தான். ஹபரணையிலிருந்து காட்டுப் பாதையில், யானை வருமோ என்ற பயத்தில், ஆள் நிறைந்த வானை ஏசியோடு விரட்டிக்கொண்டு வருவேன். தயிர்க் கடையைக் கண்டதும் பிள்ளைகள் கத்துவார்கள். பிரேக், ஓரம், சாவி. எல்லாம் பத்து செக்கனுக்குள். இறங்கி நிற்கும்போது அடியில் 'டிக், டிக்' என்று இரும்பு சுருங்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தயிரில் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பெற்றோல் ஷெட்டுகளிலும் இதே கதைதான். அங்கே எஞ்சினை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதனால் ஷெட்டுக்கு முன்னாலேயே வேகத்தை இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓடிய பிழையும் என்னுடையதுதான். பழைய ஒயில் இன்னும் சுலபமாகக் கரியாகும்.

இப்போது கந்தளாய்க்கு இரண்டு கிலோமீற்றர் முன்னாலேயே "தயிர் வேணுமா, இல்லையா?" என்று வானுக்குள் வாக்கெடுப்பு நடக்கும். வேண்டும் என்றால் அங்கிருந்தே மெதுவோட்டம். பிள்ளைகள் பிந்திக் கத்தினால் ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓட விடுவேன், ஒருவர் உள்ளேயே இருப்பார். போன தடவை அப்படி நின்றபோது கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பெட்டரி சரியில்லையோ? நிப்பாட்டினா ஸ்டார்ட் வராதோ?"

"பெட்டரி நல்லம் அக்கா. இது வேற விசயம்."

"அப்ப சரி" என்று சட்டியைச் சணல் கயிற்றால் கட்டத் தொடங்கினார். அவர் முடிச்சுப் போட்டு முடிக்கும்போது நான் யன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன்.